மணலில் கவிழ்த்த மீன்

எகும்போ கரை,
ஜூலை மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள எக்குவாவுக்கு,

உன் அண்ணி அராபா எழுதிக்கொள்வது. நான் நலம். உன் அம்மாவும் நலம், முழங்கால் வலியைத் தவிர. உன் அண்ணனுக்கு உடம்பு நலம் என்று மட்டும் இப்போதைக்கு எழுதுகிறேன். லைபீரியாவில் நீயும் உன் வீட்டுக்காரரும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஞாயிறுதோறும் சர்ச்சில் கேட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. இன்று கடலுக்கு ஓய்வு நாள், ஒரு வள்ளமும் போகவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுத முடிகிறது. தொலைபேசியில் சொல்லலாமே என்று நீ கேட்பாய். புகானன் கரையில் உனக்கு இருப்பது ஒரே ஒரு தொலைபேசிக் கடை. அங்கே நின்று நீ "என்ன அண்ணி? என்ன?" என்று கத்தினால், அங்கே குடியேறிய நம் ஃபான்டி சனம் முழுவதற்கும் நம் வியாபாரம் தெரிந்துவிடும். கடிதம் என்றால் நீ மட்டும் படிப்பாய்.

சொந்தமாகப் புகையடுப்பு போடப் போகிறேன், எப்படித் தொடங்குவது என்று கேட்டிருந்தாய். சந்தோஷம் தாங்காமல் அடோமாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். என் அடுப்படியில் உன் காலத்திலிருந்தே இருக்கிறாளே, கையும் வாயும் ஒரே வேகத்தில் ஓடும், அந்த அடோமாவேதான். "அந்தப் பொண்ணுக்கு மீன் திருப்பவே தெரியாதே அக்கா! ஒவ்வொரு தட்டையும் கரியாக்கிட்டு என்னைத்தான் கை காட்டுவா. இப்ப அவ முதலாளியம்மாவா?" என்று சிரித்தாள். ஆனால் மாலைக்குள் கரை முழுக்க அவளே பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தாள்.

நாலு அடுப்பு கட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கட்டாதே. ஒன்று கட்டு. அந்த ஒன்றைக் காலியாக விடாமல் ஓட்டத் தெரிந்த பிறகு இரண்டாவதைப் பற்றி யோசி. நம் கரையில் ஆசைப்பட்டு வரிசையாகக் கட்டிய அடுப்புகளில் இப்போது ஆடுகள் குட்டி போடுகின்றன. விறகு கிடைத்ததையெல்லாம் போடாதே, கசப்பு ஏறும். கடைசிப் புகைக்குத் தேங்காய் மட்டையும் கரும்புச் சக்கையும் போடு, மீன் பொன்னிறமாக வரும். முதல் தடவை வாங்குகிறவள் நிறத்தைப் பார்த்துத்தான் வாங்குவாள். ருசியைப் பார்த்து இரண்டாம் தடவை வருவாள். உறவுக்காரியை வேலைக்கு வைத்தால் முதல் நாளே கூலி பேசிவிடு, இல்லையென்றால் கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் அந்தப் பேச்சுத்தான் ஓடும்.

உன் வீட்டுக்காரர் வள்ளத்துக்கு மோட்டார் வேண்டும் என்கிறாராமே. வாங்கிக் கொடு. ஆனால் ரசீதில் உன் பெயர் இருக்கட்டும். உன் அண்ணன் வள்ளத்தில் ஓடும் மோட்டார் என் புகைமீன் வாங்கிய மோட்டார். அது அவருக்கும் தெரியும், கரைக்கும் தெரியும். அதனால் எங்களுக்குள் மரியாதை குறைந்துவிடவில்லை. கூடித்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட, உன் கூடைக்கு ஒரு பெயர் வர வேண்டும். என் கூடைகளின் வாயை நான் நீலத் துணியால் கட்டுவது உனக்குத் தெரியும். குமாசிச் சந்தையில் செர்வா அம்மா நீலத் துணியைப் பார்த்தால் திறந்துகூடப் பார்க்காமல் வாங்கி விற்கிறார். திறக்காமல் வாங்கும் ஒருத்தி உனக்குக் கிடைத்தால் அவளைக் கண்ணைப் போல் வைத்துக்கொள். என் அடுப்படியில் வேலை செய்யும் பதினாலு பேர் வீட்டிலும் உலை கொதிப்பது அந்த ஒருத்தியின் நம்பிக்கையில்தான்.

உன் வீட்டுக்காரர் அங்கேயே பிறந்து வளர்ந்தவர், நம் கரை வழக்கம் பாதிதான் தெரிந்திருக்கும். நீ சொல்லிக் கொடு. அவர் பிடிப்பது முழுவதும் கரையில் மீன் அள்ளும் உன் அன்னக்கூடைக்குத்தான் வர வேண்டும். வேறொருத்தி அதைத் தூக்கினால் அவரையே எடுத்துக்கொண்டதாக அர்த்தம். மனைவி இல்லாத இடத்தில் கூடப்பிறந்தவள் தூக்கலாம், அவ்வளவுதான். உனக்கும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. நீ விலை பேசலாம், சண்டைகூடப் போடலாம். ஆனால் அவர் மீனை மணலில் வைத்துக் கிளறிப் பார்க்கக் கூடாது. அது ஊரார் முன்னால் புருஷனின் சட்டைப்பையைத் துழாவுவது போல. இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

இங்கே மீன் சரியில்லை. சாளைப் பருவம் வந்தும் சாளை வரவில்லை. அடிவானத்தில் பெரிய கப்பல்கள் நின்று அடியோடு வாரிக்கொண்டு போகின்றன. நம் வள்ளங்கள் எண்ணெய்ச் செலவுக்குக்கூட மீன் இல்லாமல் திரும்புகின்றன. உன் அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏதாவது கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறார்.

ஆனால் வெள்ளிக்கிழமை அவர் வள்ளம் நிறைந்து வந்தது! கரை முழுக்கக் கத்தியது. எனக்குத் தலைகால் புரியவில்லை, முதல் அன்னக்கூடையை நானே தூக்கினேன். ஒன்றுதான் மனதில் உறுத்துகிறது. ஆட்கள் பாடவில்லை. நிறைந்த வள்ளம் பாட்டில்லாமல் கரையேறி நான் பார்த்ததில்லை. களைப்பு என்றார்கள். இருக்கலாம்.

உன் அடுப்பின் முதல் தீயைக் கடவுள் தன் கையால் மூட்டட்டும்.

உன் அண்ணி,
அராபா


எகும்போ கரை,
ஆகஸ்டு மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள எக்குவாவுக்கு,

நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும். உன் அடுப்பில் தீ மூட்டிவிட்டாய் என்று படித்து மனம் குளிர்ந்தது. முதல் தட்டில் பாதி கருகிவிட்டது என்று எழுதியிருந்ததை அடோமாவுக்கு நான் காட்டவில்லை.

இனி எழுதப் போவது உனக்கு மட்டும். உன் அம்மாவுக்கு எழுதும் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் வரக் கூடாது.

செர்வா அம்மா வந்தார். உன் கல்யாணத்துக்குப் பிறகு அவர் குமாசியை விட்டு இங்கே வந்தது இப்போதுதான். வண்டி நிறைய நீலத் துணி கட்டிய கூடைகள், எல்லாம் நான் அனுப்பியவை. முற்றத்தில் ஒன்றை இறக்கச் சொல்லித் தன் கையால் துணியை அவிழ்த்தார். மீன் மாவாக உதிர்ந்து கிடந்தது. நாற்றத்தில் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். நான் தண்ணீர் கொடுத்தேன். உட்காராமல் நின்றபடியே குடித்தார்.

"அராபா, ஒன் கூடைய நான் தொறந்ததே இல்ல. வாங்கினவங்க தொறந்தாங்க. நடுச்சந்தையில வச்சு என்னைக் கேட்டாங்க பாரு, இந்த வயசுல நான் அப்படிப் பேச்சு வாங்கினதில்ல. அடுத்த சுமைக்கு வருவேன். அதுவும் இப்படி இருந்தா அப்புறம் வரமாட்டேன். கோபம்னு நெனைக்காத. எனக்கும் பொழப்பு இருக்கு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை.

அவர் போனதும் அடுப்படியில் இருந்த எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். விறகு ஈரமாக இருந்திருக்கும் என்று நான் சொன்னேன். அடோமா, "விறகு மேல பழியப் போடாத அக்கா, விறகு நான் பாத்து வாங்கினது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அன்று காலையில் உன் அண்ணன் கொண்டு வந்த மீனில் ஒரு சாளையை எடுத்து வந்து, தலையைப் பிடித்துத் தூக்கினாள். நல்ல சாளை விறைப்பாக நிற்கும். இது ஈரத்துணி மாதிரி தொங்கியது. கத்தியால் கீறினாள். முதுகெலும்பு ஒடிந்து, அதையொட்டி ரத்தம் கட்டியிருந்தது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் அப்படித்தான். எக்குவா, அடோமா வாயை மூடி நான் பார்த்தது அன்றுதான்.

உனக்குப் புரிந்திருக்கும். வெடி போட்டுப் பிடித்த மீன். கல் உடைக்கிற இடத்திலிருந்து திருட்டுத்தனமாகத் தோட்டா வருகிறது. கடலில் எறிந்தால் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதக்கும், அள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான். அப்படி நொறுங்கிய மீன் எத்தனை புகை போட்டாலும் நிற்காது. வெளியே பொன்னிறமாக இருக்கும், உள்ளுக்குள் அழுகும்.

உன் அண்ணன் வலை பின்னிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன். மறைக்கவில்லை. "அடிவானத்துல அந்தக் கப்பல்காரனப் பாக்குற இல்ல? ஊரு மாதிரி வெளக்குப் போட்டுக்கிட்டு நிக்கிறான். குஞ்சு குருமானோட வாரிக்கிட்டுப் போறான். அவன எந்த அதிகாரியும் கேக்கல. நான் ஒரு தோட்டா போட்டா மட்டும் ஒனக்குப் பொறுக்கலயா?" என்றார். உங்க மீன் என் அடுப்பில் நிற்கவில்லை என்றேன். "அப்ப குமாசிக்கு அனுப்பாத. இங்கயே சட்டுனு வித்துடு" என்றார். "இங்க இருக்கிறவங்களுக்கு மட்டும் வயிறு இல்லயா?" என்று கேட்டேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ தூக்காட்டி யாருடி தூக்குவா? இந்தக் கரையில ஒருத்தியும் தூக்க முடியாது. ஒனக்கும் வேற வழி இல்ல, எனக்கும் வேற வழி இல்ல" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை, எக்குவா. உனக்குத் தெரியும். என் முதல் அடுப்புக்குக் களிமண் மிதித்தவர் அவர்தான். ஆம்பளை அடுப்புக்கு மண் மிதிப்பதா என்று கரையே சிரித்தபோது, அவர் பாட்டுக்கு முழங்கால் வரை சேற்றோடு நின்று மிதித்தார். வெறும் வலையோடு கரையேறுவது அவரை உள்ளுக்குள் தின்றுவிட்டது. அது எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன செய்ய? அந்த மீனை நான் அடுப்பில் ஏற்ற முடியாது.

போலீசுக்குச் சொன்னால் அவரும் வள்ளத்து ஆட்களும் உள்ளே போவார்கள். அந்த வீட்டுப் பெண்களின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? கரைத் தலைவி நானா மான்சாவிடம் தனியாகச் சொல்லலாம் என்றால், அவர் காதுக்குப் போனது மீனவர் சபைக்குப் போகாமல் இருக்காது. எதுவும் சொல்லாமல் தூக்கினால் அடுத்த சுமையோடு என் அடுப்பு அணைந்துவிடும். அன்றிலிருந்து அவர் கொண்டு வரும் மீனைக் குமாசிக்கும் அனுப்பாமல், ஊரிலும் விற்காமல், குப்பையில் கொட்டிக்கொண்டிருக்கிறேன். எத்தனை நாளைக்கு முடியும்? நீ என்ன நினைக்கிறாய் என்று எழுது. உன் பதில் வருவதற்குள் வள்ளம் மறுபடியும் கரையேறிவிடும் என்பதும் தெரிந்துதான் கேட்கிறேன்.

போன கடிதத்தில் பெரிய மனுஷி மாதிரி உனக்கு நிறைய எழுதினேன். அதில் ஒன்றை அடித்துவிடு. புருஷனின் மீனை மணலில் பார்க்கக் கூடாது என்று எழுதியிருந்தேனே, அதை. பார். சிரித்துக்கொண்டே பார், கேலி பேசிக்கொண்டே பார், ஆனால் பார்த்துவிட்டுத் தூக்கு.

எனக்காக ஜெபம் செய்.

உன் அண்ணி,
அராபா


எகும்போ கரை,
செப்டம்பர் மாதம், சனிக்கிழமை

அன்புள்ள எக்குவாவுக்கு,

உனக்கும் உன் வீட்டாருக்கும் தேவன் துணை. செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்க முடியாததால் இன்றே எழுதுகிறேன். இதைக் கொண்டு வருகிறவர் துணி வியாபாரி, பஸ்ஸில் வருகிறார். வள்ளம் வழியில் தங்கித் தங்கித்தான் வரும், ஆகவே கடிதம் முந்திவிடும் என்று நம்புகிறேன். எந்த வள்ளம் என்று சொல்கிறேன், பொறுத்துப் படி.

திங்கட்கிழமை உன் அண்ணன் வள்ளம் நிறைந்து வந்தது. இந்தத் தடவையும் பாட்டில்லை. வள்ளத்து ஆட்கள் எங்கள் அன்னக்கூடைகளை நிரப்பி மணலில் வரிசையாக வைத்தார்கள். நான் அடோமாவோடு போனேன். நின்றால் திரும்பிவிடுவேன் என்று வேகமாக நடந்தேன். முதல் அன்னக்கூடையின் முன்னால் தூக்குவதற்குக் குனிகிற மாதிரி குனிந்து, ஒரு மீனைக் கையில் எடுத்தேன்.

உன் அண்ணன் கிட்டே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "என்னடி பாக்குற?" என்றார்.

"மீன் பாக்குறேன்" என்றேன்.

"வீட்டுல போய்ப் பாரு."

"வீட்டுல பாத்தாச்சு" என்று சொல்லி, மீனைக் கீறி முதுகெலும்பை விரலால் தூக்கிக் காட்டினேன். பிறகு அன்னக்கூடையை மணலில் கவிழ்த்தேன். அடுத்ததையும் கவிழ்த்தேன். பொரித்த மீனும் கெங்கே என்ற சோளமாவு உருண்டையும் விற்றுக்கொண்டிருந்தவள்கூடக் கரண்டியை அப்படியே பிடித்தபடி நின்றாள்.

நானா மான்சா தன் முக்காலியிலிருந்து எழுந்து வந்தார். அவர் எழுந்து வந்தால் விஷயம் பெரிது என்று உனக்குத் தெரியும். "அராபா, ஒன் புருஷன் மீன நீ தூக்கலயா?" என்று கேட்டார்.

"இந்த மீனத் தூக்கல நானா. புருஷன வேண்டாம்னு நான் சொல்லல."

"ரெண்டையும் பிரிச்சு இந்தக் கரையில இதுவரைக்கும் யாரும் பேசினதில்லையே?"

"அப்ப நான்தான் மொத ஆளு" என்றேன். எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை.

நானா குனிந்து ஒரு மீனை எடுத்து அமுக்கிப் பார்த்தார். அவருக்கு ஒரே அமுக்கில் தெரிந்துவிட்டது. ஆனால் வழக்கத்தை அவர் விடவில்லை. கூட்டத்தைப் பார்த்து, "இவ புருஷன் எபோவோட மீனத் தூக்க வேற யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டார். ஃபோஸ்டினா முன்னால் வந்தாள். அவள் கண் உன் அண்ணன் மேல் எப்போதிலிருந்து என்று உனக்கே தெரியும். குனிந்து ஓர் அன்னக்கூடையின் விளிம்பைப் பிடித்துவிட்டாள். அவள் அதை இடுப்புக்கு ஏற்றியிருந்தால் அந்த நிமிஷமே என் குடும்பம் முடிந்திருக்கும்.

அடோமாவின் வாய் திறந்தது. "தூக்கு தாயி, தூக்கு! மீனோட சேத்து அந்தாளு குறட்டையையும் தூக்கிட்டுப் போ. எங்க அக்கா நிம்மதியாத் தூங்கட்டும்!" கரை சிரித்தது. ஃபோஸ்டினா சிரிக்கவில்லை, விடவும் இல்லை. நான் அவளிடம் போய், கையிலிருந்த மீனை அவள் உள்ளங்கையில் வைத்தேன். "தூக்குறதுன்னா தூக்கு. மொதல்ல பாத்துக்க. இதத் தின்னு ஒன் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் சொல்லலன்னு சொல்லாத" என்றேன். அவள் அந்த ரத்தக்கட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு மீனைப் போட்டுவிட்டு, கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள். அவளை நான் இனிமேல் ஒரு சொல் தப்பாகப் பேச மாட்டேன்.

யாரும் தூக்கவில்லை. மீனவர் சபை ஆட்கள் வந்து, குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்தார்கள். தோட்டாவைக் கடலில் போடச் சொன்னார்கள். இன்னொரு தடவை என்றால் போலீசிடம் ஒப்படைப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உன் அண்ணன் வலையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். என்னைத் தாண்டிப் போகும்போது, "என் பேரப் பொதைச்சுட்டடி" என்றார். நான் காலி அன்னக்கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன்.

அன்று மாலை நானா மான்சா என்னைக் கூப்பிட்டு, "மோட்டார் ஒன்னோடது. போய்க் கழட்டிக்க. ஒருத்தரும் தப்பாப் பேசமாட்டாங்க. மோட்டார் இல்லாம எங்க போவான்? தானா அடங்குவான்" என்றார். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வள்ளத்தடிக்குப் போனேன். ரசீதில் உன் பெயர் இருக்கட்டும் என்று உனக்கு எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன். வெறும் துடுப்போடு அவர் போக மாட்டார் என்று எப்படிச் சொல்ல முடியும்? வீம்பு பிடித்தவர், கட்டாயம் போவார். இந்த மாதத்துக் கடலை உனக்குத் தெரியாதா? கழற்றாமல் திரும்பி வந்துவிட்டேன். தப்பு என்று அடோமா சொல்கிறாள். தப்பாகவே இருக்கட்டும்.

மறுநாள் ஓய்வு நாள். புதன்கிழமை விடிந்து பார்த்தால் வள்ளம் இல்லை. பாதி ஆட்கள் அவரோடு போயிருக்கிறார்கள், பாதிப் பேர் மறுத்துத் தங்கிவிட்டார்கள். தங்கியவர்களில் ஒருவன் வந்து சொன்னான், தோட்டா எல்லாவற்றையும் அவர் கடலில் போடவில்லையாம். எங்கே போகிறார் என்று கேட்டேன். லைபீரியாவுக்கு, தங்கச்சி கரைக்கு என்றான்.

என் அடுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே நடந்தது எனக்கு முன்னால் குமாசிக்குப் போய்விட்டது. செர்வா அம்மா வந்தார். மற்ற வள்ளங்களில் வாங்கிய கொஞ்சம் மீன்தான் என்னிடம் இருந்தது. எல்லாக் கூடையையும் திறந்து பார்த்தார். மூடிக் கட்டும்போது, "இனிமே தொறந்து பாத்துத்தான் எடுப்பேன் அராபா, வருத்தப்படாத" என்றார். நான் வருத்தப்படவில்லை. பதினாலு பேரில் ஒன்பது பேருக்குத்தான் இப்போது வேலை கொடுக்க முடிகிறது. மற்றவர்களிடம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கைகூப்பிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒன்று. வியாழக்கிழமை நான்கு வள்ளங்கள் கரையேறின. நான்கு பேர் மனைவிகளும் அன்னக்கூடையைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு மீனை எடுத்து அமுக்கிப் பார்த்தார்கள். ஆண்கள் முனகினார்கள். "முனகாதய்யா, ஒன்னையும் அமுக்கிப் பாத்துத்தான கட்டிக்கிட்டேன்" என்று ஒருத்தி சொல்ல, நானா மான்சாகூடச் சிரித்துவிட்டார்.

எக்குவா, இனி உன் பங்கு. அங்கே அவருக்கு மனைவி இல்லை. நான் இங்கே இருக்கிறேன். அவர் பிடிப்பது உன் அன்னக்கூடைக்குத்தான் வரும். உன் அடுப்பில் இன்னும் புது மண் வாசனை போயிருக்காது. அதற்கு இன்னும் ஒரு பெயர் வரவில்லை. வருகிற பெயர் முதல் சில கூடைகளில்தான் வரும், பிறகு அதை மாற்ற முடியாது. அவர் உன்னைத் தூக்கி வளர்த்தவர். சிரித்துக்கொண்டு வருவார், பிள்ளைக்குப் பொம்மை வாங்கி வருவார். "எந்தங்கச்சியாவது என்னை நம்புவா" என்று சொன்னாலும் சொல்வார். உனக்கு அழுகை வரும். அழு. அழுதுகொண்டே ஒரு மீனைக் கீறிப் பார். நன்றாக இருந்தால் நிறையத் தூக்கு, எனக்கும் எழுது, நான் அடுத்த பஸ்ஸில் வருகிறேன். நன்றாக இல்லையென்றால் கவிழ்த்துவிடு. கவிழ்த்த பிறகு அவருக்குச் சோறு போடு. நான் போடாமல் விட்டுவிட்டேன்.

புருஷன்மார் ஊக்கம் கொடுத்தால் வியாபாரம் வளரும் என்று சர்ச்சில் பேச வந்த ஓர் அம்மா சொன்னாள். சரிதான். அவர்கள் ஊக்கம் கொடுக்காத நாளில் என்ன செய்வது என்று அவள் சொல்லவில்லை. எனக்கும் முழுதாகத் தெரியவில்லை. தெரிந்த மட்டும் எழுதிவிட்டேன்.

இன்னும் ஒன்று. கிழக்கே இரண்டு ஊர் தள்ளி, தோட்டாவை எறிவதற்குள் அது ஒருவன் கையிலேயே வெடித்துவிட்டது. நேற்றுத்தான் கேள்விப்பட்டேன். அதிலிருந்து எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

கடல் உன் வாசலுக்கு நல்லதை மட்டும் கொண்டு வந்து சேர்க்கட்டும். அவர் வந்து சேர்ந்ததும் உடனே எழுது. மீன் எப்படி இருந்தது, நீ தூக்கினாயா, கவிழ்த்தாயா என்பதையெல்லாம் பிறகு எழுதிக்கொள்ளலாம். முதல் வரியில், அவருக்கு இரண்டு கைகளும் இருக்கின்றனவா என்று மட்டும் எழுது.

உன் அண்ணி,
அராபா